டிஸ்க் கால்ஃப் டிரைவர் சொன்னபடி பறக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்து டிஸ்க்கை மாற்றும் வழி

தட்டு போன்ற டிஸ்க்கை எறிந்து கூடையில் சேர்க்கும் டிஸ்க் கால்ஃபில், முதல் டிஸ்டன்ஸ் டிரைவரை (நெடுந்தூரம் எறிவதற்கான வேகமான டிஸ்க்) வாங்கியவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இவ்வளவு வேகமான டிஸ்க், என் கையில் மட்டும் ஏன் போக மாட்டேன் என்கிறது?" டிஸ்க்கின் மேல் 13 என்று அச்சிட்டிருக்கிறது. கூட ஆடுபவர் அதையே எறிந்தால் நூறு மீட்டரைத் தாண்டுகிறது. நாம் எறிந்தால் அறுபதாவது மீட்டரில் இடது பக்கம் வெட்டிக்கொண்டு போய்த் தரையில் செருகுகிறது.

அந்த 13, டிஸ்க் நமக்குத் தரப்போகும் வேகம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது டிஸ்க் நம்மிடம் கேட்கும் வேகம். அந்த வேகத்தை நாம் கொடுத்தால்தான் அட்டையில் போட்டிருக்கும் பாதையில் அது பறக்கும். கொடுக்க முடியாதபோது, ஸ்பீடு 7 டிஸ்க் அதைவிடத் தூரம் போகும். இதை நம்ப எனக்கு ஒரு முழுப் பருவம் பிடித்தது.

கீழே எல்லாவற்றையும் வலது கை பேக்ஹேண்டை (கையை உடம்புக்குக் குறுக்கே இழுத்து, புறங்கை முன்னால் வர எறிவது) வைத்துச் சொல்கிறேன். இடது கைக்காரர்களும் வலது கையில் ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னால் வர எறிவது) எறிபவர்களும் இடம் வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான்கு எண்கள்

இன்னோவா நிறுவனத்தின் முறையில் டிஸ்க்குக்கு நான்கு எண்கள் உண்டு: ஸ்பீடு, கிளைடு, டர்ன், ஃபேடு. டெஸ்ட்ராயர் என்ற டிரைவருக்கு இவை 12, 5, -1, 3. லெப்பர்ட்3 என்ற ஃபேர்வே டிரைவருக்கு (டிஸ்டன்ஸ் டிரைவரைவிட வேகம் குறைந்த வகை) 7, 5, -2, 1. ஸ்பீடு, டிஸ்க் எதிர்பார்க்கும் எறிவேகம். கிளைடு, காற்றில் மிதக்கும் திறன். டர்ன், வேகமாகப் போகும்போது வலது பக்கம் சாயும் குணம். மைனஸ் பெரிதாகப் பெரிதாகச் சாய்வு கூடும். ஃபேடு, கடைசியில் வேகம் குறையும்போது இடது பக்கம் இழுக்கும் அளவு.

டர்னும் ஃபேடும் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் பாதிப் பிழைகள் தானாகவே விளங்கிவிடும். நாம் எறிந்த டிஸ்க்கை மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசையில் சுழலும். வேகமாகப் போகும்போது காற்றின் தூக்குவிசை டிஸ்க்கின் மையத்துக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. அதாவது பின்பக்கத்தைத் தூக்கி மூக்கை (முன்விளிம்பை) அமுக்கப் பார்க்கிறது. டிஸ்க் சுழலாமல் இருந்தால் மூக்கு குத்தி விழுந்திருக்கும். சுழல்வதால் அந்தத் தள்ளலின் விளைவு கால் சுற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் வெளிப்பட்டு, டிஸ்க் வலது பக்கம் சாய்கிறது. இது டர்ன். வேகம் குறைந்து டிஸ்க் இறங்கத் தொடங்கியதும் காற்று அடியிலிருந்து மோதும். தூக்குவிசை மையத்துக்கு முன்னால் நகர்ந்து மூக்கைத் தூக்கப் பார்க்கும். இப்போது சாய்வு இடது பக்கம். இது ஃபேடு.

ஆக, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு எல்லை வேகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே போனால் வலது, கீழே வந்தால் இடது. ஸ்பீடு 12, 13 டிஸ்க்குகளுக்கு இந்த எல்லை மிக உயரத்தில் இருக்கிறது. மெதுவாக எறிபவர் கையில் அந்த டிஸ்க், எறிந்த கணத்திலேயே எல்லைக்குக் கீழேதான் இருக்கும். டர்ன் என்ற கட்டமே வராமல் நேராக ஃபேடில் போய் நிற்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த எண்களை எந்த அமைப்பும் சோதித்துச் சான்று தருவதில்லை. பிடிஜிஏ என்னும் தொழில்முறை டிஸ்க் கால்ஃப் சங்கம் அளவுகளை மட்டும் பார்க்கிறது: விட்டம் 21 செ.மீ.க்குக் குறையக் கூடாது, விளிம்பின் அகலம் 2.6 செ.மீ.யைத் தாண்டக் கூடாது, எடை விட்டத்தின் ஒவ்வொரு செ.மீ.க்கும் 8.3 கிராமுக்கு மேல் போகக் கூடாது. 21.1 செ.மீ. விட்டத்தை 8.3ஆல் பெருக்கினால் 175 கிராம் வரும். டிரைவர்களில் 175 என்ற எண்ணை அடிக்கடி பார்ப்பது இதனால்தான். பறக்கும் எண்களைத் தயாரிப்பாளரே எழுதிக்கொள்கிறார். ஒரு நிறுவனத்தின் 9ஐ இன்னொரு நிறுவனத்தின் 9 என்று அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேகத்தை அளக்காமல் டிஸ்க்கை மாற்றாதீர்கள்

ரேடார் துப்பாக்கி இருந்தால் நல்லது. டெக்டிஸ்க் என்று உணர்கருவி பொருத்திய டிஸ்க் ஒன்று வருகிறது. வேகம், சுழற்சி, மூக்கின் கோணம், நடுக்கம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். இரண்டும் இல்லாதவர்களுக்குக் கைப்பேசி போதும்.

இரண்டு கம்புகளை நேர் கோட்டில் 5 மீட்டர் இடைவெளியில் நடுங்கள். முதல் கம்பு நீங்கள் டிஸ்க்கை விடும் இடத்திலிருந்து ஒரு மீட்டர் முன்னால் இருக்கட்டும். இரண்டு கம்புகளையும் கிட்டத்தட்ட உரசிக்கொண்டு போகும்படிதான் எறிய வேண்டும். டிஸ்க்கின் பாதை கம்பிலிருந்து விலகிப்போனால் பக்கவாட்டில் வைத்த கேமராவுக்கு இடைவெளி தப்பாகத் தெரியும். கைப்பேசியைப் பத்து மீட்டர் தள்ளி, இரண்டு கம்புகளுக்கும் நடுவே நேர் எதிரில் நிறுத்தி, ஸ்லோமோஷனில் வினாடிக்கு 240 சட்டங்கள் (ஃபிரேம்கள்) என்று வைத்துப் பதிவு செய்யுங்கள். டிஸ்க்கின் முன்விளிம்பு முதல் கம்பைத் தொடும் சட்டத்திலிருந்து இரண்டாவது கம்பைத் தொடும் சட்டம் வரை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுங்கள். 4320ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்தால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வந்துவிடும். கைப்பேசியில் 120 சட்டங்கள்தான் கிடைக்கும் என்றால் 2160ஐ வகுங்கள்.

எனக்கு முதல் நாள் 58 சட்டங்கள் வந்தன. மணிக்கு 74 கி.மீ. அப்போது என் பையில் இருந்த மூன்று டிரைவர்களும் 12, 13 ஸ்பீடு. நல்ல எறியில் 85 வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பத்து முறை எறிந்து சராசரி எடுங்கள். ஒரே ஒரு சிறந்த எறியை வைத்து முடிவு செய்தால், மீதி ஒன்பது எறிகளுக்கும் பொருந்தாத டிஸ்க்கைத்தான் வாங்குவீர்கள்.

சரி, எண் வந்துவிட்டது. என் அனுபவத்திலும் கூட ஆடுபவர்களைப் பார்த்ததிலும் நான் வைத்திருக்கும் தோராயக் கணக்கு இது. 70க்குக் கீழே என்றால் ஸ்பீடு 5 முதல் 7 வரை. 70 முதல் 80 வரை என்றால் 7 அடித்தளம், அதற்கு மேல் போனால் நன்றாக டர்ன் ஆகும் 8 அல்லது 9. 80 முதல் 90 வரை 9, 10 தாராளமாகப் பறக்கும். 11 வேண்டுமானால் டர்ன் மிகுந்ததாக. 90ஐத் தாண்டினால் 11, 12 தம் குணத்தைக் காட்டத் தொடங்கும். 100க்கு மேல் எறிபவர்களுக்கு 13, 14 வரை எதுவும் திறந்த கதவு. தூரத்தில் சொன்னால், மூக்கு தூக்காமல் நன்றாக விடும் ஒருவருக்கு மணிக்கு 80 கி.மீ. என்பது சுமார் 90 மீட்டரும், 97 கி.மீ. என்பது 115 முதல் 120 மீட்டரும் தரும். உங்கள் வேகத்துக்கு இதைவிட மிகவும் குறைந்த தூரம்தான் கிடைக்கிறது என்றால், பிழை டிஸ்க்கின் ஸ்பீடில் இல்லாமல் கோணத்தில் இருக்கலாம். அதையும் கீழே பார்ப்போம்.

அறிகுறி: எவ்வளவு பலமாக எறிந்தாலும் இடது பக்கம் வெட்டி விழுகிறது

பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இந்தப் புகாரோடுதான் வருகிறார்கள் என்று தோன்றுகிறது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருப்பதால்தான் சிக்கல். ஒன்று, டிஸ்க் கேட்கும் வேகம் உங்களிடம் இல்லை. இரண்டு, வேகம் இருக்கிறது, ஆனால் மூக்கைத் தூக்கிக்கொண்டு விடுகிறீர்கள்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி. பையிலிருந்து மிட்ரேஞ்ச் (டிரைவரைவிட மெதுவான, நடுத்தூர) டிஸ்க் ஒன்றை எடுங்கள். டிஸ்கிராஃப்ட் பஸ் மாதிரி நேராகப் பறக்கும் ஒன்று, அதன் எண்கள் 5, 4, -1, 1. தட்டையாக, உங்கள் தோள் உயரத்தைத் தாண்டாத கோட்டில் பலமாக எறியுங்கள். அது நேராகப் போய்க் கடைசியில் லேசாக இடது சாய்ந்து இறங்கினால் உங்கள் கோணம் பெரும்பாலும் சரி. டிரைவர்தான் உங்களுக்கு வேகம் மிஞ்சியது. மிட்ரேஞ்சும் மேலே ஏறி, தயங்கி, இடது பக்கம் சரிந்தால் பிழை மூக்கில் இருக்கிறது. அப்போது டிஸ்க்கை மாற்றிப் பயனில்லை. நேராக மூக்குப் பகுதிக்குப் போங்கள்.

காரணம் வேகம்தான் என்று தெரிந்துவிட்டால் மாற்றத்தை இப்படி வரிசையாகச் செய்யுங்கள். முதலில் ஸ்பீடைக் குறையுங்கள். 12இலிருந்து 10க்கு வருவது பெரும்பாலும் போதாது. நேராக 7க்கு வாருங்கள். லெப்பர்ட்3 நல்ல தொடக்கம். லாட்டிட்யூட் 64 நிறுவனத்தின் ரிவர் 7, 7, -1, 1; கிளைடு 7 இருப்பதால் மெதுவாக எறிந்தாலும் காற்றில் நீண்ட நேரம் நிற்கும். அதே நிறுவனத்தின் டைமண்ட் 8, 6, -3, 1. வேகம் குறைந்தவர்களை மனத்தில் வைத்து எடை குறைவாகவே செய்கிறார்கள். நான் 13ஐ ஒதுக்கிவிட்டு லெப்பர்ட்3 எறிந்த அன்று, கூடுதலாக எந்தப் பலமும் போடாமல் பத்து மீட்டருக்கு மேல் கிடைத்தது. டிஸ்க் முதலில் மெல்ல வலது பக்கம் நகர்ந்து, நேராகி, கடைசியில் இடது பக்கம் திரும்பி இறங்கியது. எஸ் எழுத்தைப் படுக்கவைத்த மாதிரியான அந்தப் பாதையை அன்றுதான் என் கையிலிருந்து முதல் முறை பார்த்தேன். அந்த எஸ் வளைவு வந்தால் டிஸ்க் உங்கள் வேகத்துக்குப் பொருந்துகிறது என்று அர்த்தம். வேறு எந்தக் கணக்கைவிடவும் இதை நான் நம்புவேன்.

ஸ்பீடை ரொம்பக் குறைக்க மனமில்லையா? டர்னைக் கூட்டுங்கள். சைட்வைண்டர் 9, 5, -3, 1. ரோட்ரன்னர் 9, 5, -4, 1. இவை மெதுவான எறியிலும் நிமிர்ந்து பறக்கும். மாம்பா 11, 6, -5, 1 என்று எண்ணில் இன்னும் தாராளம். ஆனால் விளிம்பு அகலமானது, பிடித்து விடுவது கடினம்.

மூன்றாவதாக எடை. 175 கிராமுக்குப் பதில் 160ஐ ஒட்டிய எடையில் அதே டிஸ்க்கை எறிந்து பாருங்கள். இலேசான டிஸ்க்கை வேகப்படுத்துவது சுலபம், டர்னும் கூடும். எதிர்க்காற்றில் மட்டும் அதை நம்ப முடியாது.

ஃபேடு எண்ணையும் பாருங்கள். வேகம் குறைந்தவருக்கு 3 என்ற ஃபேடு மிகப் பெரியது. 1 அல்லது 2இல் நில்லுங்கள். ஃபயர்பேர்டு 9, 3, 0, 4. அதன் ஸ்பீடு 9தான் என்று பார்த்துத் தூரத்துக்காக வாங்கியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். அது காற்றிலும், இடது பக்கம் வளைத்தே ஆகவேண்டிய இடத்திலும் எறிய வேண்டிய டிஸ்க்.

அறிகுறி: டிரைவரும் மிட்ரேஞ்சும் ஏறக்குறைய ஒரே தூரம்

இதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம். மிட்ரேஞ்ச் 60 மீட்டர், ஸ்பீடு 7 டிஸ்க் 68, ஸ்பீடு 12 டிஸ்க் 66 என்று வந்தால், 12 உங்கள் பையில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் தூரம் தெளிவாகக் கூட வேண்டும். எந்தப் படியில் கூடுவது நிற்கிறதோ அதற்கு முந்தைய படிதான் இன்றைக்கு உங்கள் டிரைவர். ஒவ்வொரு வகையிலும் ஐந்து எறியாவது எறிந்து காலடியால் அளந்து பாருங்கள். தூரத்தில் விழுந்த டிஸ்க்கைக் கண் எப்போதும் கூட்டித்தான் சொல்லும்.

மிட்ரேஞ்சே 40 மீட்டருக்கு மேல் போகவில்லை என்றால் டிரைவர் வாங்கும் யோசனையைச் சில வாரம் தள்ளிப்போடுங்கள். புட்டரையும் (கூடைக்குப் பக்கத்திலிருந்து எறியும் மெதுவான டிஸ்க்) மிட்ரேஞ்சையும் மட்டும் எறிந்து பழகுங்கள். மெதுவான டிஸ்க் நம் தப்பை மறைக்காது. கோணம் தப்பினால் அப்போதே காட்டிக்கொடுக்கும். அதனால் திருத்தமும் சீக்கிரம் வரும்.

அறிகுறி: மேலே ஏறி, ஒரு கணம் நின்று, இடது பக்கம் பின்வாங்கி விழுகிறது

இதுதான் மூக்கு. டிஸ்க்கின் முன்விளிம்பு, அது போகும் பாதையைவிட மேல் நோக்கி இருந்தால் அடிப்பக்கம் முழுவதும் காற்றுக்குத் திறந்துகொள்ளும். பட்டம் போல ஏறும், வேகத்தை எல்லாம் உயரத்தில் செலவழித்துவிடும், பிறகு ஃபேடு. சில டிகிரி மூக்கு தூக்கினாலே பல மீட்டர் போய்விடும். அகலமான விளிம்பும் கூர்மையான மூக்கும் கொண்ட வேக டிஸ்க்குகள் இந்தத் தப்புக்குப் புட்டரைவிட அதிகமாகத் தண்டிக்கும்.

எறிவதை உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பதிவு செய்து, டிஸ்க் கையை விட்ட அடுத்த சட்டத்தில் நிறுத்திப் பாருங்கள். பக்கவாட்டில் பார்க்கும்போது முன்விளிம்பு பின்விளிம்பைவிட உயரமாகத் தெரிந்து, பாதை தட்டையாக இருந்தால் மூக்கு தூக்கியிருக்கிறது. இங்கே பலர் குழம்பிப் போகிறார்கள். டிஸ்க்கை மேல் நோக்கி ஏவுவது வேறு, மூக்கைத் தூக்குவது வேறு. பத்து டிகிரி ஏற்றத்தில் ஏவினால் டிஸ்க்கும் அதே பத்து டிகிரியில் அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக இருக்கலாம், தப்பில்லை. பாதை ஒரு கோணமும் டிஸ்க் அதைவிடப் பெரிய கோணமுமாக இருப்பதுதான் பிழை.

எனக்கு வேலை செய்த திருத்தங்கள் மூன்று. டிஸ்க்கைக் கையில் பிடிக்கும்போது விளிம்பை ஆள்காட்டி விரலின் அடியிலிருந்து உள்ளங்கையின் கீழ்ப்பகுதி வரை சாய்வாகப் படியவைத்தேன். விரல்களுக்குக் குறுக்கே நேராக வைத்தால் மூக்கு தானே தூக்குகிறது. அடுத்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகக் கொஞ்சம் கீழே சாய்த்தேன், கையிலிருக்கும் கோப்பையைக் கவிழ்த்து ஊற்றும்போது வருமே, அந்தச் சாய்வு. மூன்றாவது உடம்பு. விடும்போது எடை பின்காலில் தங்கிப்போனால் மொத்த உடம்பும் பின்னால் சாய்ந்து டிஸ்க்கையும் தூக்கிவிடும். முன்காலின் மேல் ஏறி நின்று முடித்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

இதைச் சரிசெய்த பிறகு வேகத்தையும் தூரத்தையும் மறுபடி அளங்கள். பழைய டிரைவரே சரியாகப் பறக்கத் தொடங்கலாம். டிஸ்க் வாங்குவதற்கு முன் இந்த அறிகுறியைச் சோதிக்கச் சொல்வது அதனால்தான்.

அறிகுறி: வலது பக்கம் திரும்பி, திரும்பிக்கொண்டே போய்த் தரையில் உருள்கிறது

முதல் அறிகுறிக்கு நேர் எதிர். டிஸ்க்கின் எல்லை வேகத்தை நீங்கள் வெகுவாகத் தாண்டிவிட்டீர்கள் என்று இருக்கலாம். அப்படியானால் மகிழ்ச்சியான செய்தி. டர்ன் குறைந்த டிஸ்க்குக்கு மாறும் நேரம் வந்துவிட்டது: சைட்வைண்டரிலிருந்து வால்கரி (9, 4, -2, 2), அல்லது தண்டர்பேர்டு (9, 5, 0, 2).

ஆனால் அவசரப்பட வேண்டாம். அளந்த வேகம் 75 கி.மீ.தான், டிஸ்க்கும் -1 டர்ன்தான், ஆனாலும் உருள்கிறது என்றால் நடுக்கத்தைத் தேடுங்கள். டிஸ்க் கையை விட்டதும் முதல் பத்து மீட்டரில் தட்டு ஆடுவது போல் படபடக்கிறதா? விசை டிஸ்க்கின் தளத்திலேயே போகாமல் குறுக்கே போனால் இந்த நடுக்கம் வரும், டிஸ்க்கை வலது பக்கம் கவிழ்க்கும். முன்கையை உருட்டிக்கொண்டு விடுவது வழக்கமான காரணம். பலத்தை எழுபது சதவீதத்துக்குக் குறைத்து, டிஸ்க்கை மார்பை ஒட்டி ஒரே தளத்தில் இழுத்துப் பழகுங்கள். நடுங்கும் எறிக்கு மருந்தாக ஓவர்ஸ்டேபிள் (டர்ன் குறைந்து இடது பக்கம் இழுக்கும்) டிஸ்க் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நேராகப் போவது போலத் தெரியும், உண்மைதான். ஆனால் தப்பு கையிலேயே உட்கார்ந்துவிடும், தூரமும் வளராது.

அப்புறம் ஒரு நல்ல உபாயம். வலது பக்கம் திரும்பும் டிஸ்க்கைத் தூக்கிப் போடும் முன், அதை ஹைசர் கோணத்தில், அதாவது இடது விளிம்பு தாழ்ந்திருக்க, விட்டுப் பாருங்கள். பறக்கும்போது அதுவே நிமிர்ந்து தட்டையாகி நீண்ட நேரம் நேராகப் போகும். வேகம் குறைந்தவர்களுக்கு இதைவிட அழகான தூரம் வேறு எதிலும் கிடைப்பதில்லை என்பது என் கருத்து.

அறிகுறி: ஒரு நாள் நன்றாகப் பறக்கிறது, மறுநாள் இல்லை

காற்றைப் பாருங்கள். டிஸ்க்குத் தரையைப் பற்றிக் கவலையில்லை. தன்மேல் மோதும் காற்றின் வேகம்தான் அதற்குத் தெரியும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் எறிந்து எதிர்க்காற்று 20 இருந்தால் டிஸ்க் 100இல் போவதாக உணரும்; டர்ன் கூடும், உருளும். அதே 20 பின்காற்றாக இருந்தால் 60 என்று உணரும். சீக்கிரமே ஃபேடு வரும். ஆகவே எதிர்க்காற்றில் டர்ன் குறைந்த, எடை கூடிய டிஸ்க். பின்காற்றில் டர்ன் மிகுந்த, கிளைடு மிகுந்த டிஸ்க். டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் 2016இல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் 338 மீட்டர் எறிந்து உலக சாதனை படைத்தது பலமான பின்காற்றில்தான்.

உயரமும் கணக்கில் வரும். கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 14 சதவீதம் குறைவு. அங்கே டிஸ்க் மிதப்பது குறையும், டர்னும் குறையும். மலைப்பகுதிக்குப் போனதும் எல்லாமே இடது பக்கம் இழுத்தால் உங்கள் கையைச் சந்தேகிக்காதீர்கள்; ஒரு படி கூடுதல் டர்ன் உள்ள டிஸ்க்கை எடுங்கள். குளிரில் காற்று அடர்த்தியாகி இழுவை கூடும், விரல்களும் மரத்துப்போகும்; தூரம் குறைவது இயல்பு.

அறிகுறி: அதே பெயர், அதே எண், ஆனால் புதிய டிஸ்க் வேறு மாதிரி பறக்கிறது

பிளாஸ்டிக்தான் முதல் சந்தேகம். இன்னோவாவின் டிஎக்ஸ் போன்ற அடிப்படை பிளாஸ்டிக் மரத்தில் மோத மோதச் சீக்கிரம் தேய்ந்து டர்ன் கூடிப்போகும். சாம்பியன், ஸ்டார் போன்ற உயர்வகை பல காலம் புதிது போலவே இருக்கும். தேய்ந்த டிஎக்ஸ் டிஸ்க்கில் பழகிவிட்டு அதே மாடலைச் சாம்பியனில் வாங்கினால் இடது பக்கம் இழுப்பது போல் தோன்றும்.

அடுத்து வடிவம். இரண்டு டிஸ்க்குகளையும் தட்டையான மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். மேற்புறம் குமிழ்ந்திருப்பது அதிகம் மிதக்கும். தட்டையானது கிளைடு குறைந்து போகும். பிறகு முன்விளிம்பின் கூர்முனை மேசையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். உயரமாக இருப்பது இடது பக்கம் இழுக்கும், தாழ்வாக இருப்பது எளிதாக டர்ன் ஆகும். ஒரே அச்சில் வந்த டிஸ்க்குகளிலும் பிளாஸ்டிக் ஆறும் விதத்தால் இந்த வித்தியாசம் வரும். கடையில் இரண்டு மூன்றை எடுத்துப் பார்க்க முடிந்தால், வேகம் குறைந்தவர்கள் விளிம்பு தாழ்ந்து மேற்புறம் குமிழ்ந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

அறிகுறி: பிடி நழுவுகிறது, அல்லது டிஸ்க் கையை விட மறுத்து வலது பக்கம் பறக்கிறது

விளிம்பின் அகலத்தைப் பாருங்கள். 1983இல் இன்னோவாவின் ஈகிள் டிஸ்க்கில் டேவ் டுனிபேஸ் விளிம்பைச் சரிவாகச் செதுக்கிய பிறகுதான் கால்ஃப் டிஸ்க்குகள் காற்றைக் கிழித்துப் போகத் தொடங்கின. அதிலிருந்து வேகம் கூடக் கூட விளிம்பும் அகலமாகிக்கொண்டே வந்தது. டெஸ்ட்ராயரில் 2.2 செ.மீ., பாஸ் என்ற 13 ஸ்பீடு டிஸ்க்கில் 2.5 செ.மீ. விரல் குட்டையானவர்களுக்கு இதைச் சுற்றி இறுக்கிப் பிடிக்க முடியாது. இறுக்கினால் டிஸ்க் தாமதமாக விடுபட்டு வலது பக்கம் போகும், தளர்த்தினால் முன்கூட்டியே நழுவி இடது பக்கம் போகும். விரல் நுனிகள் விளிம்பின் உட்சுவரில் அழுந்துகின்றனவா என்று பாருங்கள். எட்டவில்லை என்றால், வேகம் இருந்தாலும்கூட, 9க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. ஸ்பீடு 9 டிஸ்க்கைச் சுத்தமாக விடுபவர், 13ஐத் தடுமாறி விடுபவரைவிட நேராகவும் பெரும்பாலும் தூரமாகவும் எறிவார்.

ஃபோர்ஹேண்டுக்கு ஒரு வார்த்தை. அதில் பலருக்குச் சுழற்சி குறைவு, நடுக்கம் அதிகம். அதனால் பேக்ஹேண்டில் பொருந்தும் டிஸ்க் ஃபோர்ஹேண்டில் கவிழும். ஒரு படி ஓவர்ஸ்டேபிளான டிஸ்க்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த படிக்கு எப்போது

இப்போதிருக்கும் டிஸ்க் காற்றில்லாத நாளில் தட்டையாக விட்டும் தொடர்ந்து வலது பக்கம் போய்த் திரும்பி வராமல் இருந்தால், நடுக்கமும் இல்லை என்றால், நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். அப்போது ஒன்றிரண்டு படி மட்டும் ஏறுங்கள்: 7இலிருந்து 9, 9இலிருந்து பீஸ்ட் (10, 5, -2, 2) அல்லது ரெய்த் (11, 5, -1, 3). 12க்கு ஆசைப்படுபவர்கள் டெஸ்ட்ராயரை விட்டுவிட்டு டெர்னை (12, 6, -2, 2) முதலில் எறிந்து பாருங்கள். 13இல் ஷ்ரைக் (13, 6, -2, 2) இருக்கிறது. பழைய டிஸ்க்கை விற்றுவிட வேண்டாம். தேய்ந்து டர்ன் கூடிய அந்த லெப்பர்ட்3தான் இன்றைக்கும் என் பின்காற்று டிஸ்க்.

ஒரு மாதம் கழித்து அதே இரண்டு கம்புகளை நட்டுப் பத்து முறை எறியுங்கள். சராசரி 62 சட்டங்கள் என்றால் மணிக்கு 70 கி.மீ., 54 என்றால் 80, 48 என்றால் 90, 43 என்றால் 100. தேதியோடு எழுதிவையுங்கள். 54ஐ எட்டிய அன்று ஸ்பீடு 9 டிஸ்க் ஒன்றை 160 கிராமை ஒட்டிய எடையில் கையில் எடுத்து, காற்றில்லாத காலை நேரத்தில் திறந்த மைதானத்தில் எறிந்து, அந்த எஸ் வளைவு வருகிறதா என்று பாருங்கள்.